என்ன விசேஷம் என்று கேட்டு விற்போம்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். அந்த ஆடைப் பாதியிலும் பெல்ட், டை, கைக்கடிகாரம், பர்ஸ், கைக்குட்டை, சாக்ஸ் ஆகிய சில்லறைச் சாமான்களின் பங்கு ஒரு வீசம்தான் இருக்கும். ஆனால் அந்த வீசம் தவறினால் முழு ஆடையும் தவறிப்போகிறது. பட்டு வேட்டியில் வந்து நிற்கும் மாப்பிள்ளையின் இடுப்பில் பேண்ட் பெல்ட் பளபளத்தால், பார்ப்பவர் கண் பட்டின் மேல் போகாது, பெல்ட்டின் மேல்தான் போகும்.

ஜவுளி வியாபாரிகளும் ஃபேன்சி கடைக்காரர்களும் ஆண்களுக்கான இந்தச் சாமான்களை ‘மேல் வியாபாரம்’ என்று நினைத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் தொங்கவிட்டுவிடுகிறோம். துணி எடுத்து பில் போடும்போது, “ஒரு பெல்ட் போடட்டுமா சார்?” என்று கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. இது போதாது, இதில் நம் பொறுப்பு இன்னும் பெரிது என்பது என் தாழ்மையான கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் கடையில் நடந்த ஒன்றையே சொல்கிறேன். அதில் தவறு செய்தவன் நான்தான்.

‘பார்த்துக் குடுங்க அண்ணாச்சி’

1997-ஆம் ஆண்டு. எங்கள் பஜாரில் மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவர், என் கடைச் சரக்கையும் தன் முதுகில் சுமந்து இறக்கியவர், ஒரு மாலையில் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் பாலிடெக்னிக் முடித்திருந்தான். மறுவாரம் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு.

“அண்ணாச்சி, பையன் இண்டர்வியூவுக்குப் போறான். எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்களே பார்த்துக் குடுங்க” என்றார்.

‘பார்த்துக் குடுங்க’ என்ற அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. கடையில் ஆறு மாதமாக அசையாமல் கிடந்த அகலமான பெல்ட், உள்ளங்கை அளவு பக்கிள் வைத்தது, ஒரு டஜன் இருந்தது. அதில் ஒன்றை எடுத்துப் போட்டேன். கூடவே பூப்போட்ட சிவப்பு டை ஒன்று, வெள்ளை சாக்ஸ் ஒரு ஜோடி. “இதுதான் இப்ப ஓடுது” என்றும் சொன்னேன். அவர் மடித்து வைத்திருந்த நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து அந்தப் பெல்ட்டை எடுத்துக்கொண்டு அவர் மட்டும் வந்தார். “பையன் இதைக் கட்ட மாட்டேங்கிறான் அண்ணாச்சி. மாத்திக் குடுக்க முடியுமா?” என்றார். என் தலைக்கு மேலே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவரே விஷயத்தைச் சொன்னார். தேர்வுக்குக் காத்திருந்த அறையில், உடன் வந்திருந்த ஒருவன், “என்னப்பா, பேண்டு வாத்தியம் வாசிக்க வந்தியா?” என்று கேட்டிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பையன் டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பெல்ட்டை மறைக்கச் சட்டையை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறான்.

வேலை கிடைக்கவில்லை. அதற்கு என் பெல்ட்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். படிப்பையும் பேச்சையும் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் அந்த அறைக்குள் அவன் கூனிக் குறுகிப் போனானே, அதற்குக் காரணம் நான். என்னை நம்பித் தகப்பன் ‘பார்த்துக் குடுங்க’ என்றார். நான் பார்த்தது என் முடங்கிய சரக்கை.

அன்று மூன்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு, சாதாரணக் கறுப்பு பெல்ட் ஒன்றும், கருநீல டை ஒன்றும், கறுப்பு சாக்ஸும் கொடுத்தேன். அந்தப் பலகையையும் கழற்றினேன். அன்றிலிருந்து என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஸ்டாண்டில் கை வைப்பதற்கு முன் வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘எங்கே போகிறீர்கள்?’ என்று கேட்பது நம் வழக்கத்தில் நல்லதில்லை. ‘என்ன விசேஷம்?’ என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

எந்த இடத்துக்கு எது?

கேள்வி கேட்டால் மட்டும் போதாது, பதிலுக்கு ஏற்ற சரக்கு எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். என் அனுபவத்தில் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் நேர்முகத் தேர்வு, அலுவலகம். இங்கே விதி எளிது: ஷூவின் நிறமே பெல்ட்டின் நிறம். கறுப்பு ஷூவுக்குக் கறுப்பு, பழுப்பு ஷூவுக்குப் பழுப்பு. பெல்ட்டின் அகலம் ஒன்றேகால் அங்குலம் அளவில் இருந்தால் போதும். பக்கிள் சிறியதாக, எழுத்தும் உருவமும் இல்லாததாக இருக்க வேண்டும். ஒன்றரை அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமும் பெரிய பக்கிளும் ஜீன்ஸுக்கு உரியவை. இடுப்பளவு 32 என்றால் 34 பெல்ட் கொடுக்க வேண்டும். ஐந்து ஓட்டையில் மூன்றாவது ஓட்டையில் மாட்டினால் சரியான அளவு. டை கட்டினால் அதன் நுனி பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும். வயிற்றின் நடுவில் நிற்கவும் கூடாது, பக்கிளுக்குக் கீழே தொங்கவும் கூடாது. சாக்ஸ் பேண்ட்டின் நிறத்தை ஒட்டியது. உட்காரும்போது கால் தோல் தெரியாத உயரம். வெள்ளை சாக்ஸை விளையாட்டு ஷூவுக்கும், சீருடையில் அது உள்ள பள்ளிகளுக்கும் விட்டுவிடலாம்.

டை பின் விற்கும்போது, சட்டையின் மூன்றாவது பட்டனுக்கும் நான்காவது பட்டனுக்கும் இடையில் குத்தச் சொல்லுங்கள். கஃப் லிங்க் கேட்டால், “சட்டைக் கை மடித்து மாட்டும் கஃப்பா, சாதாரணப் பட்டன் கஃப்பா?” என்று கேளுங்கள். சாதாரணக் கஃப்பில் அதை மாட்டவே முடியாது. இது தெரியாமல் பரிசுப் பெட்டியாக வாங்கிப் போய், பிறகு நம்மைத் திட்டியவர்கள் உண்டு.

நீதிமன்றம் தனி உலகம். வழக்கறிஞர்களின் உடையை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் நிர்ணயிக்கின்றன. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம், மாவட்ட, செஷன்ஸ், நகர உரிமையியல் நீதிமன்றங்களில் கழுத்தில் வெள்ளைப் பட்டை கட்ட வேண்டும். அவற்றுக்குக் கீழ்ப்பட்ட நீதிமன்றங்களில் அந்தப் பட்டைக்குப் பதிலாகக் கறுப்பு டை கட்டலாம். கால்சட்டையில் ஜீன்ஸ் கூடாது. நீதிமன்றம் உள்ள ஊரில் கடை வைத்திருப்பவர், புதிதாகப் பதிவு செய்த இளம் வழக்கறிஞர் வந்து நிற்கும்போது இதைத் தெரிந்து பேசினால், அவர் வாழ்நாள் வாடிக்கையாளர்.

அரசு ஊழியருக்கும் விதி உண்டு. 2019-இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்குப் பிறப்பித்த உடை உத்தரவில், ஆண்களுக்குச் சட்டை, பேண்ட்டோடு வேட்டியும் ஏற்கப்பட்டது. நீதிமன்றத்தில் ஆஜராகும்போது கோட்டு வேண்டும். அது திறந்த கோட்டாக இருந்தால் டையும் வேண்டும் என்றது.

அடுத்தது கல்யாணம். காலையில் முகூர்த்தம், மாலையில் வரவேற்பு என்று மாப்பிள்ளைக்கு இரண்டு வேஷம். இரண்டுக்கும் ஒரே பெல்ட்டைத் தலையில் கட்டிவிடாதீர்கள். பட்டு வேட்டியின் மேல் இரும்பு பக்கிள் உரசினால் பட்டு இழை பிரியும், ஜரிகை கெடும். அதற்குத் துணியால் ஆன வேட்டி பெல்ட்தான் ஏற்றது. வேட்டி கட்டிப் பழகாத பையன் என்றால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டியைக் காட்டுங்கள். மணமேடையில் அவன் மனம் மந்திரத்தில் இருக்கும், இடுப்பில் இருக்காது. மாலைக் கோட்டுக்கு டை எடுக்கும்போது, கோட்டின் கழுத்து மடிப்பு அகலமாக இருந்தால் டையும் அகலம், குறுகலாக இருந்தால் டையும் குறுகல். கோட்டின் மேல் பையில் செருகும் கைக்குட்டை, டையின் துணியிலேயே வெட்டியதாக இல்லாமல் அதோடு ஒத்துப்போகும் வேறு நிறமாக இருந்தால் அழகு.

மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் கைக்கடிகாரம் போடுவது நம் பக்கத்தில் இன்றும் உண்டு. ஒரு காலத்தில் எச்.எம்.டி. கடிகாரம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. 2016-இல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. 1984-இல் டாட்டா குழுமமும் நம் ‘டிட்கோ’வும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் ஓசூரிலிருந்து வந்து அந்த இடத்தைப் பிடித்தது. இப்போது மணி பார்க்கக் கைபேசி போதும். கடிகாரத்தை அணியாகத்தான் வாங்குகிறார்கள். எனவே எந்த உடைக்கு, எந்தச் சந்தர்ப்பத்துக்கு என்ற கேள்வி முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவை. கோட்டுக்கும் அலுவலகத்துக்கும் மெல்லிய தோல் வார். வேட்டி சட்டைக்கு உலோக வார். ரப்பர் வார் விளையாட்டுக்கும் மழைக்கும். உலோக வார் விற்றால், கண்ணி கழற்றி மாப்பிள்ளையின் மணிக்கட்டுக்கு அளவாக்கிக் கொடுங்கள். தாலி கட்டும் நேரத்தில் கடிகாரம் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தால் புகைப்படத்தில் அதுதான் தெரியும்.

கோயிலும் விரதமும் வேறு. கார்த்திகையில் மாலை போடுகிறவர்களில் பலர் தோல் பொருளைத் தொடுவதில்லை. அந்த மாதத்தில் துணி பெல்ட், துணி பர்ஸ் இருப்பு வைத்திருங்கள். திருச்செந்தூர் போன்ற கோயில்களில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். சட்டைப் பை போய்விட்டால் பணத்தையும் கைபேசியையும் எங்கே வைப்பது? நம் வியாபாரிகளும் மாட்டுத் தரகர்களும் காலங்காலமாகக் கட்டிவரும், பை வைத்த அந்தப் பச்சை பெல்ட்தான் இதற்குப் பதில். பழைய சரக்கு என்று நாம் ஒதுக்கிய பொருளுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

துக்க வீடு என்றால் ஒன்றும் விற்க வேண்டாம். வெள்ளைக் கைக்குட்டை ஒன்று கேட்டு வந்தவரிடம் “பெல்ட் பாக்கறீங்களா?” என்று கேட்கும் கடைப்பையன், அந்த வாடிக்கையாளரை நிரந்தரமாக இழக்கிறான்.

உடை விதி யாரையும் தலைகுனிய வைக்கக் கூடாது

இவ்வளவு விதி பேசுகிறேனே, இது யாருக்காக என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. உடை விதியை வைத்து மனிதரை ஒதுக்கிய கதை நம் நாட்டில் நீளமானது. தோளில் துண்டு போடும் உரிமையே சிலருக்கு மறுக்கப்பட்டு, அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அண்மையில், 2014 ஜூலையில், சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக ஒரு கிளப்பினுள் அனுமதிக்கப்படவில்லை. அதன் பிறகு அதே ஆண்டு ஆகஸ்டில், வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று தமிழகச் சட்டமன்றம் சட்டமே இயற்றியது.

நீதிபதிக்குச் சட்டமன்றம் துணை வந்தது. காத்திருப்பு அறையில் சிரிப்புக்கு ஆளான மூட்டைத் தொழிலாளியின் மகனுக்கு யார் துணை? வாசலில் நிற்கும் விதியை அவன் மாற்ற முடியாது. ஆனால் அந்த வாசலுக்குள் அவன் நிமிர்ந்து நுழையும்படி அனுப்பிவைக்க நம்மால் முடியும். வீட்டில் நான்கு தலைமுறையாக டை கட்டியவன் நம்மிடம் கேட்டு வாங்க வேண்டியதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கட்டப் போகிறவன்தான் நம்மை நம்பி வருகிறான். அவன் அப்பாவுக்குத் தெரியாததை நாம் சொல்லிக் கொடுத்தால், அது வியாபாரமும் ஆகும், புண்ணியமும் ஆகும்.

அதற்காக விலையுயர்ந்த பொருளை எல்லாம் அவன் தலையில் ஏற்றக் கூடாது. கறுப்பு பெல்ட் ஒன்று, கறுப்பு ஷூ ஒரு ஜோடி, அடர்நிற சாக்ஸ் இரண்டு ஜோடி, வெள்ளைக் கைக்குட்டை இரண்டு, கோடும் பூவும் இல்லாத கருநீல டை ஒன்று, எளிய கைக்கடிகாரம் ஒன்று. இந்த ஆறும் இருந்தால் ஓர் இளைஞன் எந்த அலுவலக வாசலிலும் தயங்காமல் நிற்கலாம். அப்பாவின் கடிகாரம் ஓடுகிறது என்றால், “அதையே போட்டுக்கோ தம்பி, வார் மட்டும் மாத்தித் தர்றேன்” என்று சொல்லுங்கள். அன்றைக்குப் போகும் லாபம், முதல் சம்பளத்தன்று திரும்பி வரும்.

சில மறுப்புகள்

“கேட்டதைக் கொடுப்பதுதான் கடைக்காரன் வேலை, அறிவுரை சொன்னால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார்” என்று சில உறுப்பினர்கள் சொல்வார்கள். அறிவுரை வேண்டாம். இரண்டு பெல்ட்டை எடுத்து வைத்து, “இது ஆபீஸுக்கு, இது ஜீன்ஸுக்கு” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுப்பது அவர் பாடு.

“முடங்கிய சரக்கை எங்கே தள்ளுவது?” என்பது அடுத்த கேள்வி. என்னிடம் மிஞ்சிய அந்தப் பெரிய பக்கிள் பெல்ட்டுகளைப் பிற்பாடு ஜீன்ஸ் ரேக்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். திருவிழாவுக்கு வந்த கல்லூரிப் பையன்கள் ஆசையாக வாங்கிப் போனார்கள். சரக்கில் குறை இல்லை. நான் அதை அனுப்பிய இடத்தில்தான் குறை.

“இப்போது எல்லோரும் கைபேசியிலேயே வாங்கிவிடுகிறார்கள், நம்மிடம் யார் வருகிறார்கள்?” என்று சோர்ந்து பேசுகிறவர்களும் உண்டு. கைபேசி ஆயிரம் பெல்ட்டைக் காட்டும். எதிரில் நிற்பவரின் இடுப்பையும், காலில் கிடக்கும் ஷூவையும், முகத்தில் இருக்கும் தயக்கத்தையும் அது பார்க்காது. நாம் பார்க்கிறோம். அந்தப் பார்வையையும் நாம் பயன்படுத்தவில்லை என்றால், பிறகு நமக்கும் அதற்கும் விலையில் மட்டும்தான் போட்டி. அந்தப் போட்டியில் சிறிய கடை ஜெயிக்காது.

செய்ய வேண்டியவை

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஈவ்னிங் பஜாரிலிருந்தும் விளக்குத்தூண் பக்கத்திலிருந்தும் எங்களுக்குக் கட்டு வரும்போது, ஒரே அளவு பெல்ட்டைப் பன்னிரண்டாகப் போடாமல் அளவுகளைக் கலந்து அனுப்புங்கள். தோல் என்றால் தோல், ரெக்சின் என்றால் ரெக்சின் என்று சீட்டில் எழுதுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பெயர் பெற்ற ஊர்களை வைத்துக்கொண்டு, ரெக்சினைத் தோல் என்று விற்பது நமக்கு அழகில்லை. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலம் குறிப்பிடவில்லை என்றால் முப்பது நாள் வரை அந்தப் பொறுப்பு நமக்கு உண்டு. எனவே அந்தப் பழைய பலகை இன்னும் எவர் கடையிலாவது தொங்கினால், தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

சில்லறை வியாபாரிகள் கடையில் ஓர் அளவு நாடாவும் ஒரு நிலைக்கண்ணாடியும் பெல்ட் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். டை விற்றால் முடிச்சுப் போடக் கற்றுக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்; அதைக் கற்றுக்கொண்டு போனவன் நம் கடையை மறக்க மாட்டான். கவுண்டரில் நிற்கும் பையன்களுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுக்க, நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன? நிர்வாகிகள் யோசிக்க வேண்டும். முதல் வகுப்பை எடுக்க நான் தயார்.

அந்தப் பையன் பிறகு வேறொரு கம்பெனியில் சேர்ந்தான். முதல் மாதச் சம்பளத்தில் தன் தகப்பனாருக்கு ஒரு வேட்டியும் துண்டும் எடுக்க என் கடைக்குத்தான் வந்தான். நான் கேட்பதற்கு முன் அவனே சொன்னான்: “அண்ணாச்சி, அப்பாவுக்கு. நல்லதா, பார்த்துக் குடுங்க.”

இந்த முறை பார்த்துத்தான் கொடுத்தேன்.